ஐந்து கட்டங்களில் ஒரே எண்

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் மாடியில், திட்டப் பிரிவில், ஜன்னலோர மேஜை என்னுடையது. என் வேலையின் பெயரை முழுதாகச் சொன்னால் கேட்கிறவருக்குக் கொட்டாவி வரும். நம் மாவட்டத்தில் அடுத்த ஐந்து வருடத்தில் விவசாயத்தில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும், தொழிற்சாலைகளில் எத்தனை பேருக்கு, கடை, லாரி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றில் எத்தனை பேருக்கு என்று துறைவாரியாகக் கணித்து மேலே அனுப்ப வேண்டும். அது சென்னைக்குப் போகும். அங்கே மற்ற மாவட்டங்களின் கணக்கோடு சேர்ந்து டெல்லிக்குப் போகும். எந்த ஊரில் எந்தப் படிப்பைத் திறப்பது, எதை மூடுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்கிறார்கள். நான் ஒப்பந்த ஊழியர். மேலே போகிற தாளில் என் கையெழுத்து கிடையாது, கூட்டல் மட்டும் என்னுடையது.

சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஜோசியக்காரி. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். "பையனை எதுல சேக்கலாம்? எதுல வேலை வரும்?" எனக்கு எரிச்சல் சட்டென்று வரும். வந்தாலும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நாலு பேர் நம்மிடம் வந்து கேட்கிறார்கள் என்பதில் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது.

இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது ஒருவரை ஒரு கட்டத்தில் உட்கார வைப்பது. என் தங்கை வீட்டுக்காரர் விடியற்காலையில் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றுவார். பத்து மணிக்கு மேல் சரக்கு ஆட்டோ ஓட்டுவார். சாயங்காலம் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவார். அவர் விவசாயமா, வியாபாரமா, போக்குவரத்தா? ஒரு கட்டம்தான் உண்டு. அவரிடமே கேட்டேன். "எதுல போட்டா உனக்கு சுலுவோ அதுல போட்டுக்க," என்றார். விவசாயத்தில் போட்டேன். அதற்கு அடுத்த வரியிலேயே விவசாயத்தில் ஆட்கள் குறைந்துகொண்டு வருவார்கள் என்றும் எழுதினேன். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து காலையில் கிளம்பும் கம்பெனி பஸ்களைப் பார்க்கும் யாருக்கும் அதில் சந்தேகம் வராது.

தங்கை இருப்பது உத்தனப்பள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை போகும் வழியில் ஒரு கிராமம். அவளுக்கு ஒரே பெண். பிளஸ் டூ முடித்துவிட்டு அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா சேர்ந்து பாதி தூரம் வந்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஓசூரில் இருக்கும் ஒரு கம்பெனியின் வேன் அவர்கள் ஊருக்குள் வந்து நின்றது. போனுக்குள் வைக்கிற சின்னச் சின்ன சாமான்கள் செய்கிற கம்பெனி. பிளஸ் டூ முடித்த பெண்கள் வேண்டும், ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு, பஸ் உண்டு என்று மைக்கில் சொன்னார்கள். அந்தத் தெருவில் மட்டும் எத்தனையோ பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். தங்கையும் பெண்ணின் பெயரைக் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உன்னைக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்ல. இது ஓடுமா? அஞ்சாறு வருசம் நிக்குமா? இல்ல, நடுவுல உட்டுட்டுப் போயிருவானா?"

அந்த வாரம்தான் என் பட்டியலை முடித்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் வரிசை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. எங்கள் அதிகாரி அதைப் பார்த்து, "பாரும்மா, மாவட்டமே எங்கயோ போகப்போகுது," என்று டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மிதப்பில் இருந்தேன்.

"ஓடும்டி. நல்லா ஓடும். வருசா வருசம் ஆள் கூடிக்கிட்டேதான் போகுது. இப்பவே உள்ள போறவங்கதான் நாளைக்கு மேல நிப்பாங்க. பின்னாடி வர்றவங்க இவங்களுக்குக் கீழதான்."

"அப்ப படிப்பு?"

"அதை அப்புறம்கூட முடிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டேன். போனில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த திங்கட்கிழமை பாலிடெக்னிக்கில் டி.சி. வாங்கிவிடுவதாகத் தங்கை சொன்னாள். அதற்கு முன்னால், நான் ஓசூரில்தானே குடியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிப்போய் ஹாஸ்டல் எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

ஹாஸ்டல் என்பது கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த ஒரு மாடிக் கட்டிடம். வாசல் முழுக்க செருப்பு. படியேறும்போதே தமிழ், கன்னடம், தெலுங்கு, நடுநடுவே இந்தி என்று எல்லாம் கலந்து காதில் விழுந்தது. வார்டன் அம்மா நல்ல மாதிரி. என் தங்கை பெண்ணுக்கு எந்தக் கட்டில் என்று அப்போதே காட்டினார். அந்தக் கட்டிலில் அப்போது ஒரு பெண் இருந்தாள். பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். நாட்றாம்பாளையம் பக்கம், மலையூர் என்றாள்.

"லீவுக்குப் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு?"

"ரெண்டு வருசம். டிரெய்னி ரெண்டு வருசம்தானே. சர்டிபிகேட் குடுத்துட்டாங்க."

சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியை இழுத்து என் தங்கை பெண்ணின் முன்னால் வைத்தாள். வாளியின் விளிம்பைச் சுற்றி நெயில் பாலிஷால் வரிசையாகப் பொட்டு வைத்திருந்தார்கள். சிவப்பு, ரோஸ், ஊதா, ஜிகினா போட்டது ஒன்று.

"இது இந்தக் கட்டிலோட வாளி. எனக்கு முன்னாடி இருந்த அக்கா எனக்குக் குடுத்தாங்க. நான் உனக்குக் குடுக்கறேன். சேர்ற அன்னிக்கு நீ ஒரு பொட்டு வெச்சிரு. அதுக்கப்புறம் வாளி உன்னுது, யாரும் தொட மாட்டாங்க. இந்த ஊதாதான் என்னுது."

என் தங்கை பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மத்த பொட்டெல்லாம் யாருதுக்கா?" என்றாள்.

"இதே கட்டில்ல இருந்தவங்க. வேற கட்டடத்துல ஹாஸ்டல் இருந்தப்பவே ஆரம்பிச்சதாம். எல்லாரும் போயிட்டாங்க. ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒருத்தர் பெங்களூர்ல துணிக்கடையில இருக்காங்க. மத்தவங்களைத் தெரியாது."

நான் குறுக்கே புகுந்தேன். "கம்பெனியில ஆளைக் குறைக்கறாங்களா?"

"ஐயோ, இல்லீங்க. நாளைக்கே என் மிஷினுக்கு ஆள் வந்துரும்." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "வேற ஆள்."

அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதே கம்பெனிக்கு என் பட்டியலுக்காக நான் போயிருந்தேன். மனிதவள மேலாளர் கன்னடக்காரர். "கூத்கொள்ளி மேடம்" என்று உட்கார வைத்து, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் படிவத்தில் வருடத்துக்கு ஒன்றாக ஐந்து கட்டங்கள். வருடத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். அவர் ஐந்து கட்டங்களிலும் ஒரே எண்ணை எழுதினார். நான் ஆபீசுக்கு வந்து ஐந்தையும் கூட்டினேன். ஐந்து வருடத்தில் இத்தனை புதிய வேலை என்று எழுதினேன். இத்தனை பேரையும் உட்கார வைக்க அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. அங்கே இருந்த நாற்காலிகள் அதே நாற்காலிகள். வருடா வருடம் ஒரு பகுதிப் பெண்கள் எழுந்து போகிறார்கள், அந்த இடத்தில் வேறு பெண்கள் வந்து உட்காருகிறார்கள். வாளி ஒன்றுதான். நான் பொட்டுகளை எண்ணி, இத்தனை வாளி என்று எழுதிவிட்டேன்.

"பெரியம்மா, நான் என்ன கலர் வைக்கட்டும்?" என்று அவள் கேட்டாள்.

வாளியை அங்கேயே வைத்தால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று மலையூர்ப் பெண் சொன்னதால், இவள் அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். ராயக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள். அப்போதே தங்கைக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு ஹாஸ்டல் பெண் சொன்னதை வைத்து ஒரு மாவட்டக் கணக்கே தப்பென்று சொல்லிவிட முடியுமா என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். காலையில் அந்த மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று படுத்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி கூப்பிட்டேன், லைனில் இருக்கிறார் என்றார்கள். பாலிடெக்னிக் திறக்கிற நேரம் தாண்டிப் போனது. ஒருவழியாக அவரே கூப்பிட்டார்.

"மேடம், அது ரீப்ளேஸ்மென்ட்டுதான். வர்றவங்க வருவாங்க, ரெண்டு வருஷம் ஆனா போவாங்க. சீட்டு அஷ்டே, அதே சீட்டுதான், ஆளு மாத்ரம் மாறுது."

"அதை ஏன் சார் அன்னிக்குச் சொல்லல?"

"நீங்க எத்தனை பேர் வேணும்னு கேட்டீங்க. சொன்னேன். எத்தனை பேர் போவாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்." அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குத்தான் கோபம், அதை அவர்மேல் காட்டவும் வழியில்லை. போனை வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் பெண்ணும் எடுக்கவில்லை.

எங்கள் அதிகாரியிடம் போய் நின்றேன். ஓய்வு பெறப் போகிறவர், சாது. விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இந்த ஒரு கம்பெனி மட்டுமா?"

மற்ற படிவங்களையும் எடுத்து வந்து புரட்டினோம். அதில் பாதிக்கு மேல் ஐந்து கட்டங்களில் ஒரே எண். ஊரே ஏதோ பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது. உண்மையில் யாரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தார்கள்.

"சரிம்மா, அடியில ஒரு குறிப்பு போட்டுரு," என்றார்.

"குறிப்பை யார் சார் படிக்கப் போறாங்க? சென்னையில மொத்தத்தை மட்டும்தான் எடுத்துக் கூட்டுவாங்க. குறிப்பு இங்கேயே நின்னுரும். நாலு டிகிரி படிப்பை மூடிட்டு ரெண்டு மாச டிரெய்னிங்கா திறப்பாங்க. அப்புறம் வெளிய வந்த பொண்ணுங்க எல்லாம் எங்க போறதுன்னு யாரு கணக்கு போடுவா?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை.

"உள்ள வர்றவங்க ஒரு கட்டம், வெளிய போறவங்க ஒரு கட்டம்னு ரெண்டாப் பிரி. எல்லாக் கம்பெனிக்கும் திரும்பப் போன் பண்ணு. மொத்தம் குறையும். குறைஞ்சா மேலருந்து கத்துவாங்க. நான் வாங்கிக்கறேன், என்னை என்ன பண்ணிருவாங்க?" என்றார். பிறகு மேஜை மேலிருந்த ஒரு கோப்பைத் தட்டிக் காட்டினார். என்னுடைய ஒப்பந்த நீட்டிப்பு. "இதையும் பாரு. போன வருசமும் புது நியமனம். அதுக்கு முந்தின வருசமும் புது நியமனம். நடுவுல ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுப்போம். சேவைத் துறையில நீ ஒருத்தியே எத்தனை வேலையா ஆயிருக்கே தெரியுமா?"

சிரித்தேன். என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த ஐந்து வருடத்தில் மாவட்டத்தில் யாருக்கு என்ன வேலை என்று எழுதுகிறவளுக்கு அடுத்த வருடம் அந்த நாற்காலி இருக்குமா என்று தெரியாது. இதை நான் இதுவரை ஒரு வேடிக்கையாகத்தான் நாலு பேரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அது வேடிக்கையாக இல்லை, பயமாக இருந்தது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் தங்கைக்குப் போன் போட்டபடியே போனேன். டி.சி. வாங்கியிருப்பாள், ஆபீஸில் கையெழுத்தாகி சீல் வைத்திருப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களா, யார் காலில் விழ வேண்டும் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. ஊர் வந்ததும் வீட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கில், எல்லாரும் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்றார்.

தோட்டத்தில் தங்கை, அவள் வீட்டுக்காரர், பெண் மூன்று பேரும் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"டி.சி. வாங்கிட்டியாடி?" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

தங்கை நிமிர்ந்தாள். "எங்க போறது? விடியக்காலையில மார்க்கெட்டுல இருந்து இவரு போன் பண்ணாரு. விலை ஏறிக் கெடக்குது, கிடைக்கறதைப் பறின்னு. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ. டி.சி. எங்க ஓடிப்போகுது, நாளைக்கு வாங்கிக்கலாம்னு உட்டுட்டேன். போனு வீட்டுக்குள்ள கெடக்குது. ஏன், நீ இந்நேரத்துல இங்க?"

அப்பாடா! என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தத் துறையில் ஆள் குறைந்துகொண்டே போகும் என்று எழுதி வைத்தேனோ அதில் ஒரு நாள் விலை ஏறியதால்தான் அந்தப் பெண் தப்பியிருந்தாள். அவள் தக்காளியை அந்தப் பச்சை வாளியில்தான் பறித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் பழைய பொட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன.

மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து கட்டத்தைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், அந்த வாளியைக் காட்டியே விளக்கினேன். நான் போனில் சொன்னது தப்பு என்றேன். தங்கை கையில் இருந்த தக்காளியைப் பெட்டியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசம்தான்னு எனக்குத் தெரியாதாக்கா?" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் பனியன் கம்பெனிக்குப் போனவதானே. இருந்தேன், போதும்னாங்க, வந்துட்டேன். இவளுக்கும் அப்படித்தான் ஆகும்னு என் மனசு அடிச்சுக்கிச்சு. நீ சொன்னியேன்னுதான் அதை அமுக்கினேன். கவர்மெண்டு கணக்கு, நம்ம அக்கா போட்ட கணக்கு, அதுல என்னா தப்பு வரப்போகுதுன்னு."

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்த ஒன்றை, அவள் பட்டு அறிந்த ஒன்றை, என் ஒரு வார்த்தைக்காக ஒதுக்கி வைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததை நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம். பனியன் கம்பெனியில் என்னடி ஆச்சு என்று ஒரு கேள்வி. எத்தனை கம்பெனி வாசலில் போய்க் கேட்டிருக்கிறேன், கூடப் பிறந்தவளைக் கேட்கவில்லை.

பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு போகணும்னு இருக்குதா? உள்ளதைச் சொல்லு," என்றேன்.

"எல்லாரும் போறாங்கன்னு ஆசையாத்தான் இருந்துச்சு பெரியம்மா." என்றாள். "ஆனா அந்த அக்கா பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பறப்போ கூட இருந்த யாரும் வாசல் வரைக்கும்கூட வரல. பாத்துக்கிட்டு சும்மா படுத்திருந்தாங்க. அப்பவே ஒரு மாதிரி ஆயிருச்சு. நீங்களும் அம்மாவும் முடிவு பண்ணிட்டீங்களேன்னு சொல்லல."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "சரி, இப்பவாவது சரியாச் சொல்லு. இவ டிப்ளமாவை முடிச்சா வேலை கிடைக்குமா?"

எனக்குத் துறைவாரிப் பட்டியல்கள் எல்லாம் கண்ணுக்குள் ஓடின. வரிசை ஏறும், வரிசை இறங்கும். வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும், வராமல் இருந்ததே இல்லை.

"தெரியலடி," என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"இத்தனை வருசத்துல இப்பத்தான் நீ தெரியாதுன்னு சொல்லி நான் கேக்கறேன்," என்றாள் தங்கை. "தெரியாதுன்னா அவ படிக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. இருட்டுவதற்குள் வண்டி ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சாலில் இறங்கிப் பறித்தேன். மறுநாள் காலையில் பெண் கல்லூரிப் பையோடு பஸ் ஏறியதாகத் தங்கை போன் செய்தாள்.

கம்பெனிகளுக்கெல்லாம் இப்போது மறுபடி போன் செய்துகொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எத்தனை, போகிறவர்கள் எத்தனை. இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் பல பேர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அந்த வாளி தங்கை வீட்டில்தான் இருக்கிறது. கட்டிலுக்கு வரும் அடுத்த பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று பெண் சொன்னாளாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் தங்கை. அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள்.